மொட்டை மடத்தின் கூரை

கடலுக்கும் கண்மாய்க்கும் நடுவில், பஸ் போய்த் திரும்புகிற கடைசி ஊரான பனையடியேந்தலில், மழைக்கு மட்டும் தட்டுப்படுகிற ஒரு கூரை இருந்தது. எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து இறங்கிய துறவிகள் சிலர், கடலிலிருந்து பவளப்பாறையை வெட்டியெடுத்து, சுண்ணாம்பில் கருப்பட்டித் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் விட்டுக் குழைத்து, ஊருக்கு வெளியே பெரிய மடம் ஒன்றைக் கட்டி, அதில் காலையும் மாலையும் பாடிக்கொண்டிருந்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போனார்கள். அவர்களுக்குப் பிறகு அடித்த ஒரு புயல், ஓடு, உத்தரம், சட்டம் என்று ஒன்று விடாமல் கூரையை வாரிக்கொண்டு போய்க் கடலில் போட்டது. சுவர்களும் தூண்களும் வளைவுகளும் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஊர் அதற்கு மொட்டை மடம் என்று பெயர் வைத்தது. அடுத்து வந்த மழையில், ஆடு மேய்க்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டு அங்கே ஒதுங்கிய ஒருத்தி, தன் தலையில் ஒரு சொட்டுக்கூட விழாததைக் கண்டு அண்ணாந்து பார்த்தாள், பிறகு ஆடுகளையும் உள்ளே ஓட்டிக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் அவள் அதை ஊருக்குச் சொன்னபோது, ‘அப்படியென்றால் வத்தல் காயப்போடலாமே’ என்றுதான் முதல் பேச்சே வந்தது.

ஊர் அந்த அதிசயத்தை எடுத்துவைத்துக் கும்பிடவில்லை, புழங்கியது. பனையடியேந்தல் குண்டு மிளகாய் விளைகிற ஊர். பழம் களத்தில் காய்கிற நேரத்தில் வருகிற கோடை மழையைப் போல ஒரு பகையாளி அந்த ஊருக்குக் கிடையாது. ஒரு தூறல் பட்டால் போதும், சிவப்பு வெளுத்து, பூசணம் பிடித்து, பாடுபட்டதெல்லாம் பாழ். வெயிலை விட்டுவிட்டு மழையை மட்டும் நிறுத்துகிற இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வேறென்ன செய்வார்கள்? பாட்டுக்காரர்கள் நின்ற மேடை ஒரு வீட்டுக்கு, பீடத்துப் படிகள் இன்னொரு வீட்டுக்கு, நடுக்கூடம் வேதக்கோயில்காரர், துலுக்கர், மற்றவர் எல்லாருக்கும் பொது என்று, துறவிகள் முழங்காலிட்ட இடமெல்லாம் மிளகாய் சிவந்து கிடந்தது. உள்ளே பந்து எறியக் கூடாது, வேட்டுப் போடக் கூடாது, பட்டம் விடவே கூடாது, விட்டால் அது மேலே மாட்டிக்கொண்டு ஒரு பருவம் முழுக்க அந்தரத்தில் படபடக்கும். புறாக்கள் ஒன்றுமில்லாத இடத்தில் வரிசையாக உட்கார்ந்து எச்சமிட, அது கீழே வராமல் மேலேயே காய்ந்து, கூரையின் முகடு எது என்று ஊருக்குக் காட்டிக்கொடுத்தது. பிஷப் அனுப்பிய விசாரணைக் குழு அக்கினி வெயிலில் வந்து மண்டை காய்ந்து, ‘கூரை இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனது. ஊர் அதை மறுக்கவில்லை, கூரை இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். கூரை போட்டுத் தருகிறேன் என்று ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளருக்கு மரியாதையாகக் காபி கொடுத்தார்கள், ஓட்டைத்தான் கொடுக்கவில்லை.

ஆனால் இல்லாத கூரைக்கும் வயசாகும்போல. போன வருஷம் முதல் அது ஒழுக ஆரம்பித்தது. அங்கே ஒரு சொட்டு இங்கே ஒரு சொட்டு என்று விழுந்து, அடியில் கிடந்த வத்தலைப் பதம் பார்த்தது. ஊர் கூடி யோசித்து, பெரிய தார்ப்பாய் ஒன்றை வாங்கிவந்து, ஏணி வைத்து ஏறி, இல்லாத கூரையின் மேல் விரித்துக் கட்டியது. அது அந்தரத்தில் கூரை வடிவத்தில் நீலமாக நிற்பதைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். இவர்களும் பெருமையாகச் சுற்றிக் காட்டினார்கள். தார்ப்பாய் வெயிலைத் தடுக்கும் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வருஷம் ஒழுகாத இடத்து வத்தலும் சேர்ந்து பூசணம் பிடித்த பிறகுதான் அவிழ்த்தார்கள்.

இந்த ஊருக்குத்தான் கனகவல்லி தன் புருஷனை, லீவுக்குப் போவோம் என்று சொல்லி, மாசிக் கடைசியில் கூட்டிவந்தாள்.

அவள் புருஷன் சௌந்தரபாண்டியன் மதுரையில் வீடு கட்டிக் கொடுக்கிற கான்ட்ராக்டர். ஒரு நாள் அவர் போட்ட தளம், அடியில் கொடுத்த முட்டுகளைப் பிரித்ததும், கீழே ஆள் நிற்கும்போதே இறங்கிவிட்டது. ஒருவனுக்குக் கால் ஒடிந்தது, வேறு சேதமில்லை. அந்தக் கால் கூடி, அவன் திரும்ப வேலைக்குப் போக ஆரம்பித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இவரையே பார்க்க வந்து, “விடுங்க முதலாளி, ஆனது ஆகிப்போச்சு” என்று ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனான். இவருக்குத்தான் ஆகவில்லை. தளம் இறங்கிய அன்று வீட்டு வாசற்படிவரை வந்தவர், நிலைக்கு மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அதன் பிறகு எந்தக் கூரைக்கு அடியிலும் அவர் கால் வைக்கவில்லை, தலையை நிமிர்த்தி மேலே பார்க்கவுமில்லை. முருங்கை மரத்தடியில் சாப்பிட்டார், மொட்டைமாடியில் படுத்தார், மழை வந்தால் முற்றத்தில் நாற்காலி போட்டுக் குடை பிடித்துக்கொண்டார். குடை மட்டும் ஏனோ அவருக்குக் கூரையாகப் படவில்லை, பிடித்திருப்பது தன் கைதானே என்ற தைரியமாக இருக்கலாம். ஐப்பசி அடைமழையைக் குடைக்குள்ளேயே கழித்தவருக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரி வராந்தா என்றால்கூட வர மாட்டேன் என்று அடம்பிடித்ததால் டாக்டரே தெருவுக்கு வந்து பார்த்தார். “அடுத்த அடைமழைக்குள்ள இவரை உள்ள கொண்டுவந்துருங்கம்மா. இன்னொரு தடவை தாங்காது” என்று அவர் கனகவல்லியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஆகவே, ஹாஸ்டலில் கூடப் படித்த மிக்கேலம்மாள் போனில், “கூரையே இல்லாத எடம்தான்டி, ஆனா உள்ள நின்னா நனைய மாட்டீக, ஒரு எட்டு கூட்டிட்டு வந்துதான் பாரேன்” என்றபோது, கனகவல்லி அது எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேண்டியதுதான் கிடைத்துவிட்டதே. புருஷனிடம் கூரை இல்லாத பழைய மடம் என்பதை மட்டும் சொன்னாள், மீதியை முழுங்கிவிட்டாள். அவர் பஸ்ஸுக்குள் ஏற மாட்டார் என்பதால் மதுரையிலிருந்து பைக்கிலேயே, முதுகு விட்டுப்போக, வந்து சேர்ந்தார்கள். மிக்கேலம்மாளும் அவள் புருஷன் சந்தியாகுவும், வீட்டுக்குள் வராத விருந்தாளியைப் பற்றி ஒரு கேள்வி கேட்காமல், வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு, மீன்குழம்பைச் சட்டியோடு அங்கேயே கொண்டுவந்தார்கள். இல்லாத கூரையோடு குடித்தனம் பண்ணுகிறவர்களுக்கு, இருக்கிற கூரையோடு சண்டை போடுகிற மனுஷன் ஒரு அதிசயமாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் மடத்துக்குப் போனார்கள். வாசல் வளைவுக்கு முன்னால் சௌந்தரபாண்டியன் தயங்கி, உள்ளே முழுக்க வெயில் விழுந்து கிடப்பதைப் பார்த்து, வானம்தான் என்று உறுதி பண்ணிக்கொண்டு, காலை எடுத்து வைத்தார். வைத்தவர் அசந்துபோனார். தூண் தூணாகப் போய்த் தடவினார். அவித்து உரித்த முட்டையைப் போல வழுவழுவென்றிருந்த பூச்சில் உள்ளங்கையை வைத்து வைத்து எடுத்தார். இத்தனை புயலுக்குப் பிறகும் ஒரு கல்கூட நழுவாமல் நிற்கிற வளைவுகளுக்கு முன்னால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கச்சேரி கேட்கிற முகத்தோடு நின்றார்.

“தொட்டுப்பாரு கனகு. கம்பியும் இல்ல சிமென்ட்டும் இல்ல. கட்டியிருக்காய்ங்க பாரு, மனுசப்பயலுக!”

அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது. அழுகை வந்துவிடும்போலிருந்ததால் அவள் குனிந்து, தரையில் பரப்பியிருந்த மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்த முத்திருளாயி என்பவளிடம், இது என்ன விலை போகும் என்று கேட்டுவைத்தாள். நடுக்கூடத்தில் அன்றைக்கு அவள் மிளகாய்தான் பாதி. மாசி போய்ப் பங்குனி வந்தால் மகளுக்குக் கல்யாணம் என்று விலைக்குப் பதிலாக வேறொன்றைச் சொன்னாள். அப்போது கடல் பக்கமிருந்து காற்று திரும்பியது. யாரும் பரபரக்கவில்லை. வயலில் இருந்தவர்கள் மூடைகளைத் தூக்கிக்கொண்டு மடத்தைப் பார்த்து நடந்துவர ஆரம்பித்தார்கள், அவர்களுக்குப் பின்னாலேயே மழையும் வந்தது.

மழை பெய்யும்போதுதான் அந்தக் கூரையைப் பார்க்க வேண்டும். முதலில் தூரத்து முகட்டில் தண்ணீர் விழுந்து இரண்டாகப் பிரிந்தது; பிறகு சரிவில் வரிவரியாக, ஓடு ஓடாகத் தத்தி இறங்கி வந்தது; ஓடு இல்லை, ஓட்டின் வளைவு இருந்தது; உத்தரம் இல்லை, உத்தரத்தின் மேல் தண்ணீர் ஏறி இறங்குகிற மேடு இருந்தது; கடைசியில் சுவருக்கு வெளியே தாழ்வாரத்து விளிம்பிலிருந்து சரம் சரமாகக் கீழே விழுந்தது. இத்தனைக்கும் நடுவில் மேகத்தின் வெளிச்சம் தடையில்லாமல் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஓடும் தண்ணீரால் மட்டுமே கட்டிய அந்த மாளிகையைக் கனகவல்லி வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள், உலகத்தில் இப்படி ஒரு அழகு இருக்கிறதென்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். பக்கத்தில் திரும்பினாள். அவர் தலை நிமிர்ந்திருந்தது, முகத்தில் ரத்தமில்லை. அடுத்த நொடி மிளகாயை மிதித்துக்கொண்டு, தூணில் தோள் இடிக்க, வெளியே ஓடினார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கொட்டுகிற மழையில் பனைமரத்தடியில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தியா?”

“ஆமா. தெரிஞ்சுதான்.”

“என்னைய ஏமாத்தி உள்ள நிப்பாட்டிருக்க.”

“பின்ன என்ன செய்யச் சொல்றீங்க? டாக்டர் என்ன சொன்னார்னு தெரியுமா உங்களுக்கு? இன்னொரு ஐப்பசி தாங்காதுன்னு சொன்னாரு. உங்களுக்குப் பயம் மேல கூரை. எனக்குப் பயம் நீங்க இல்லாம அந்த வீடு.”

கோபம் தீராமல் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பின பக்கம் மடத்தின் வாசல் இருந்தது; வாசலுக்குள் முத்திருளாயி ஒரு சருவப் பாத்திரத்தை இங்கே வைப்பதும் அங்கே நகர்த்துவதுமாக, எங்கிருந்து என்று தெரியாமல் விழுகிற சொட்டை அலைந்து அலைந்து ஏந்திக்கொண்டிருந்தாள். ஒழுகுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு கட்டடக்காரனால் எவ்வளவு நேரம் சும்மா நிற்க முடியும்? கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்.

“சொட்டுற எடத்துலயா ஓட்டை இருக்கும்?” என்றார் பனைமரத்திடம் சொல்வதுபோல. “மேல எங்கயோ ஓடு ஒடஞ்சு, தண்ணி சட்டத்தைப் புடிச்சு வழிஞ்சு வந்து இங்கிட்டு விழும். சருவத்தை வச்சு என்னத்தைப் புடிக்க?”

தாழ்வாரத்தில் நின்ற சந்தியாகுவுக்கு அது காதில் விழுந்துவிட்டது. “நாங்களும் ஏறிப் பாத்துட்டோம்ணே. காஞ்சு கெடக்கும்போது ஓட்டை தெரிய மாட்டேங்குது. மழையில ஏறுனா வழுக்குது.”

“மழையிலதான் ஏறணும். ஏணி இருக்கா?”

கூரைக்கு மேலே நிற்க அவருக்கு ஒரு பயமும் இல்லை, அங்கே தலைக்கு மேல் இருப்பது வானம்தானே. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, யார் வீட்டுத் தொழுவத்திலிருந்தோ பிரித்துவந்த நாட்டு ஓடுகளையும் ஒரு சட்டிச் சுண்ணாம்பையும் கயிற்றில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஏணியடிக்கு வந்தவர், ஒரே ஒரு நிபந்தனை போட்டார். உள்ளே ஒரு ஈ காக்கை இருக்கக் கூடாது. கீழே ஆள் இருந்தால் ஏற மாட்டேன். ஊர் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது; மிளகாயை அப்படியே விட்டுவிட்டு, சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு எல்லாரும் வெளியே வந்து, நனையாமல் இருக்க ஒரு இடம் இருந்தும் நனைந்துகொண்டு நின்றார்கள்.

அவர் ஏறினார். சுவர் முடிந்த இடத்தில் கையால் தடவி விளிம்பைப் பிடித்து, முழங்காலை வைத்து, வயிற்றை வைத்து, ஒன்றுமில்லாததன் மேல் பல்லியாக ஒட்டிக்கொண்டு, சரிவில் ஊர்ந்து மேலே போனார். தண்ணீர் அவர் தோளில் மோதி இரண்டு பக்கமும் விலகி ஓடியது. ஒவ்வொரு ஓடாக விரலால் தடவித் தடவிப் போனவர், ஒரு விரிசலைக் கண்டு, அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சத்தம் கொடுத்தார்.

“இப்ப விழுதா?”

பதில் சொல்ல உள்ளே யாரும் இல்லை. வாசலிலிருந்து எட்டிப் பார்த்தால் எந்தச் சொட்டு நின்றது, எந்தச் சொட்டு விழுகிறது என்று பிடிபடவில்லை. ஒழுகல் அடைப்பது ஒற்றை ஆள் வேலையில்லை. மேலே ஒருவர் அடைக்க, கீழே ஒருவர் நின்று சொல்ல வேண்டும். உலகத்தில் எந்த ஓட்டு வீட்டுக்கும் அதுதான் முறை. ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கனகவல்லி தலையில் இருந்த சாக்கை எடுத்து மிக்கேலம்மாள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தாள்.

மிளகாய்க்கு நடுவே, சருவத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு, சொட்டு தன் நடு உச்சியில் விழுகிற மாதிரி பார்த்து நின்று, நிமிர்ந்தாள். தண்ணீர்த் தகட்டுக்கு அந்தப் பக்கம், நேர் மேலே, குப்புறப் படுத்தபடி அவள் புருஷன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெளிய போ கனகு!”

“விழுது” என்றாள். “இன்னும் விழுது. தள்ளிப் பாருங்க.”

“சொன்னாக் கேளு! நான் வந்தா உன் மேலதான் வருவேன்.”

“வாங்களேன். இத்தனை வருசமா உங்களைத் தாங்கலையா? கையை மாத்தி வைங்க, எனக்குத் தலை நனையுது.”

வெளியே யாரோ சிரித்தார்கள். அவர் கையை எடுக்கவும் முடியாமல், இறங்கவும் முடியாமல் அவளையே பார்த்தார். கூரையின் பாரம், மழையின் பாரம், ஓடு, சுண்ணாம்பு, தன் உடம்பு எல்லாம் அவள் தலைக்கு நேரே இருந்தன, அவளோ ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவளைப் போலச் சாதாரணமாக நின்றாள். கடைசியில் அவர் கொஞ்சம் மேலே ஊர்ந்து வேறொரு ஓட்டைப் பொத்தினார்.

“இப்ப?”

“விழுது.”

“இப்ப?”

“கொஞ்சம் கொறஞ்சிருக்கு. வலது பக்கம்.”

“உனக்கு வலதா, எனக்கு வலதா?”

“எனக்குத்தான். உங்க வலதை நான் எப்பப் பாத்திருக்கேன்?”

இப்படியே கேட்டுக்கொண்டும் சொல்லிக்கொண்டும் முகட்டை நெருங்கியபோது, கடைசியாக ஒரு இடத்தில் அவர் ஓட்டைச் செருகி, சுண்ணாம்பை அப்பி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். அவள் உச்சியில் விழுந்துகொண்டிருந்த சொட்டு நின்றது. மேலே, மழைக்கு நடுவில், ஒரு சிவப்பு நாட்டு ஓடு தன்னந்தனியாக ஆகாயத்தில் பதிந்திருந்தது. அவர் அதன் மேலிருந்து மெல்லக் கையை எடுத்தார். ஓடு இருந்த இடத்திலேயே இருந்தது.

“இப்ப விழுதா கனகு?”

விழவில்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். சொன்னால் அவர் இறங்கி வருவார், ஏணியடியிலிருந்து நேரே பனைமரத்துக்குப் போவார், அதோடு முடிந்தது. தான் போட்ட வேலையை அடுத்தவர் வாய்வார்த்தையில் அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கொத்தனார் சொன்னாலும் மேஸ்திரி சொன்னாலும் தன் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் சரி என்பார். அந்தக் குணம் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“தெரியல” என்றாள். “வந்து பாருங்க.”

“தெரியலைன்னா? தலையில விழுதா இல்லையா?”

“தலைதான் நனஞ்சு கெடக்குதே, எப்படித் தெரியும்? வந்து கையை நீட்டிப் பாருங்க.”

பிறகு ஏணி முனகியது. வாசலில் வந்து நின்றார். சுண்ணாம்பும் பாசியும் அப்பிய உடம்பில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் ஊர் நனைந்துகொண்டு நின்றது. நிலைக்கு மேலே ஒரு தடவை பார்த்தார். ஆகாயத்தில் இருந்த அந்தச் சிவப்பு ஓட்டை ஒரு தடவை பார்த்தார். “ஒழுங்காச் சொல்லத் தெரியுதா இவளுக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டே, உள்ளங்கையை முன்னால் நீட்டியபடி, மிளகாயை மிதிக்காமல் கால் பார்த்து வைத்து, அவள் பக்கத்தில் வந்து, அவளைத் தோளால் நகர்த்திவிட்டு, அவள் நின்ற இடத்தில் நின்றார்.

கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். சொட்டு வரவில்லை. அண்ணாந்து பார்த்தபடியே கையைக் கொஞ்சம் இப்படி நகர்த்திப் பார்த்தார், கொஞ்சம் அப்படி நகர்த்திப் பார்த்தார். தலைக்கு மேலே மழை முழுசும் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணிலிருந்து இறங்கியது மழைத்தண்ணீர் இல்லை என்பது கனகவல்லிக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் கையை மடக்கவில்லை, நகரவுமில்லை. ஒரு சொட்டாவது விழும் என்று எதிர்பார்ப்பதுபோல நின்றுகொண்டே இருந்தார்.

அதற்குமேல் ஊரால் நனைய முடியவில்லை. ஒவ்வொருவராக உள்ளே வந்து அவரவர் இடத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். முத்திருளாயி வயலிலிருந்து வந்த மூடையைத் தலையில் சுமந்துகொண்டு அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கிருங்க. மூடைய எறக்கணும்.”

“எங்கிட்டும்மா?” என்றார் அவர், கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எங்கிட்டாச்சும் தள்ளுங்கண்ணே, கழுத்து வலிக்குது.”

வாசல் பக்கமாகத் தள்ளினால் அப்படியே வெளியே போயிருக்கலாம். சௌந்தரபாண்டியன் நீட்டிய கையோடு உள்பக்கமாகத் தள்ளி நின்றார்.